அணைய மறுத்த சென்சர்

மால்டோஸ் என்ற சர்க்கரை இருந்தால் மட்டும் சிவப்பு காட்டும் புரதச் சென்சர் ஒன்றைச் செய்துகொண்டிருந்தேன். முதல் சோதனையில் சென்சரோடு மால்டோஸ் விட்ட குழாய் சில நொடிகளில் சிவந்தது. பக்கத்தில் சென்சரோடு மால்டோஸுக்குப் பதில் வெறும் பஃபர் (அமிலத்தன்மை மாறாத உப்புக் கரைசல்) விட்ட குழாயும் அதே வேகத்தில் சிவந்தது. ஏழு மாத உழைப்பு கண்ணெதிரே வீணானது போலிருந்தது.

பாக்டீரியாவில் மால்டோஸைப் பிடித்துவைக்கும் புரதம் ஒன்று உண்டு, சுருக்கமாக எம்பிபி. இரண்டு மடல்கள், நடுவில் கீல் மாதிரி ஒரு பகுதி. சர்க்கரை உள்ளே உட்கார்ந்ததும் மடல்கள் ஏறக்குறைய 35 டிகிரி மடங்கி மூடும். அந்த அசைவு எட்டும் இடத்தில், ஆம்பிசிலின் போன்ற ஆன்டிபயாட்டிக்குகளைச் சிதைக்கும் பீட்டா-லாக்டமேஸ் நொதியைச் செருகினால், மால்டோஸ் வரும்போது மட்டும் நொதியை வேலை செய்யவைக்கலாம். 2004-லேயே அமெரிக்க ஆய்வாளர் மார்க் ஓஸ்டர்மேயரின் குழு இதைச் செய்து காட்டிவிட்டது. நைட்ரோசெஃபின் என்ற மஞ்சள் பொருளை அந்த நொதி வெட்டினால் சிவப்பாகும், கருவியே வேண்டாம், கண்ணால் பார்த்துவிடலாம். எனக்கு இதன் மேல் ஆசை வந்ததே அதனால்தான்.

எந்த இடத்தில் செருகுவது என்று கணக்குப் போட்டுச் சொல்ல முடியாது. ஆயிரக்கணக்கான இடங்களில் செருகிப் பார்த்து, ஆம்பிசிலினோடு மால்டோஸும் உள்ள தட்டில் வளர்ந்து, மால்டோஸ் இல்லாத ஆம்பிசிலின் தட்டில் வளராத பாக்டீரியாக் காலனியைத் தேட வேண்டும். இதில் ஓர் எச்சரிக்கை: தட்டை அதிக நேரம் விட்டால், கசியும் நொதி சுற்றியுள்ள ஆம்பிசிலினைச் சிதைத்துவிடும். பெரிய காலனியைச் சுற்றிப் பொடிப்பொடியாக முளைப்பவை அந்த நிழலில் பிழைத்தவை. அவற்றை எடுத்து இரண்டு வாரம் இழந்தேன்.

சரியான காலனி கிடைத்த பிறகுதான் அந்தச் சிவப்புக் குழாய். எம்பிபியையும் நொதியையும் இணைக்கும் துண்டின் நீளத்தைச் சந்தேகப்பட்டேன், மாற்றினேன், பயனில்லை. நைட்ரோசெஃபின் கெட்டுவிட்டதோ என்றால், புரதம் விடாத குழாய் மஞ்சளாகவே இருந்தது. கடைசியில் கூட வேலை பார்க்கும் அக்கா ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அமைலோஸ் ரெசின்லேர்ந்து புரதத்தை எதை விட்டுப்பா இறக்குனே?"

மால்டோஸ். 10 மில்லிமோலார், அதாவது 10,000 மைக்ரோமோலார் மால்டோஸ். எம்பிபி அமைலோஸ் ரெசின் மணிகளில் ஒட்டிக்கொள்ளும், மால்டோஸ் விட்டால் கழன்றுவரும்; எம்பிபியைச் சுத்திகரிக்க எல்லோரும் செய்யும் வழி அதுதான், எனக்கு அது கைப்பழக்கமாகிவிட்டிருந்தது. ஐம்பது மடங்கு நீர்த்த பின்னும் குழாயில் 200 மைக்ரோமோலார் இருக்கும். எம்பிபி பாதி நிறைய ஒரு மைக்ரோமோலாரே போதும். தேட வேண்டியதை நானே ஊட்டிவிட்டு, தேடு என்று சொல்லியிருக்கிறேன்.

சர்க்கரை மட்டும் வெளியேறும்படியான சவ்வுப் பையில் புரதத்தை இட்டு, இரவு முழுக்க ஆயிரம் மடங்கு பஃபரில் டயாலிசிஸ் செய்தேன். இரண்டு குழாய்களுக்கும் வேறுபாடு தெரிந்தது, ஆனால் மூன்று மடங்குகூட இல்லை. ஆயிரத்தில் ஒரு பங்கென்றால் பைக்குள் இன்னும் 10 மைக்ரோமோலார். போதாததற்கு, அடர்த்தியாக இருக்கும் புரதம் வெளியேறப் பார்க்கும் சர்க்கரையைத் திரும்பத் திரும்பப் பிடித்துக்கொள்கிறது.

அமைலோஸையே கைவிட்டேன். நிக்கலில் ஒட்டும் ஹிஸ்டிடின் வாலை ஜீனில் சேர்த்து, நிக்கல் ரெசினில் புரதத்தை ஒட்டவைத்து, ரெசினின் கொள்ளளவைப்போல் நூறு மடங்கு பஃபரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கழுவினேன். செல்களையும் கிளிசரால் ஊட்டி வளர்த்தேன், வெளியிலிருந்து மால்டோஸ் வந்து சேராதபடி. அரை நாள் எடுத்தது. பிறகு, நிக்கலில் ஹிஸ்டிடினின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும் இமிடசோலை விட்டு இறக்கினேன்.

மூன்று குழாய்கள்: பஃபர், சுக்ரோஸ், மால்டோஸ். மூன்றாவது சிவந்தது. மற்ற இரண்டும் பத்து நிமிடம் கழித்தும் மஞ்சள்தான். அந்த மஞ்சளைப் பார்த்த மகிழ்ச்சி சிவப்பைப் பார்த்ததில்கூட வரவில்லை.

அடுத்த சிக்கல் அளவெல்லை. ஒரே ஓர் இடத்தில் ஒட்டும் புரதம், 10 சதவீதத்திலிருந்து 90 சதவீதம் நிறைய சர்க்கரையின் செறிவு 81 மடங்கு ஏற வேண்டும். அதற்கு மேலோ கீழோ உள்ளதை நம்பி அளக்க முடியாது. எனக்கு வேண்டிய மாதிரிகளில் சர்க்கரை அதைவிடச் செறிவு. எனவே சர்க்கரையைத் தாங்கும் டிரிப்டோஃபேன் என்ற பெரிய அமினோ அமிலங்களில் ஒன்றைச் சிறிய அமினோ அமிலமான அலனைனாக மாற்றிப் பிடியைத் தளர்த்திக்கொண்டிருக்கிறேன். அந்தக் காலனிகள் இப்போது தட்டில் இருக்கின்றன.