145ஐப் பார்த்தியா?

காற்றிலுள்ள மூலக்கூறுகளை நிறைவாரியாக எண்ணும் எங்கள் மாஸ் ஸ்பெக்கில் வாரம் ஒரு முறை தெரிந்த அளவு ஃபார்மிக் அமிலம் விட்டுக் காலிபரேஷன் பார்க்க வேண்டும் என்பது எங்கள் லேப் வழக்கம். விறகுப் புகைப் பரிசோதனைகள் அடுத்தடுத்து வந்ததில் ஆறு வாரம் அதை நான் தொடவே இல்லை. ஒரு திங்கட்கிழமை செய்து பார்த்தால், ஒரு பிபிடிக்கு (லட்சம் கோடியில் ஒரு பங்கு) நொடிக்கு 3 எண்ணிக்கை தந்துகொண்டிருந்த மாஸ் ஸ்பெக் 1.1 காட்டுகிறது. அதுவும் பத்து லட்சம் அயோடைடு அயனிக்கு நார்மலைஸ் செய்த பிறகு, அதாவது சிக்னலை அயனி எண்ணிக்கையால் வகுத்த பிறகு.

எங்களுடையது அயோடைடு சிம்ஸ் (CIMS), மூலக்கூறுகளை வேதிவினையால் அயனியாக்கி அளக்கும் வகை. மெத்தில் அயோடைடு கலந்த நைட்ரஜன் பொலோனியம்-210 கதிரியக்க மூலத்தைக் கடக்கும்போது அயோடைடு அயனி உண்டாகும். அது காற்றிலுள்ள மூலக்கூறை உடைக்காமல் அதன்மேல் ஒட்டிக்கொள்ளும். ஸ்பெக்ட்ரத்தில் நிறை 127ல் வெறும் அயோடைடு, 145ல் தண்ணீரோடு ஒட்டிய அயோடைடு, 173ல் ஃபார்மிக் அமிலத்தோடு ஒட்டியது.

பழியைப் பொலோனியத்தின் மேல் போட்டேன். அதன் அரை ஆயுள் 138 நாள். எங்கள் மூலம் வந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. மொத்த அயனியும் நொடிக்கு 30 லட்சத்திலிருந்து 10 லட்சமாக இறங்கியிருந்தது. பாதி ஆகியிருக்க வேண்டியது மூன்றில் ஒன்றாகிவிட்டதே என்று அப்போதே உறுத்தியிருக்க வேண்டும். உறுத்தவில்லை. கதிரியக்கப் பாதுகாப்பு அதிகாரியிடம் படிவம் கொடுத்து, புது மூலம் வந்து சேர மூன்று வாரம்.

மாட்டினோம். மொத்த அயனி 20 லட்சத்துக்கு ஏறியது. நார்மலைஸ் செய்த எண்? அதே 1.1.

அயனி குறைந்தால் வகுக்கும் எண்ணும் சேர்ந்து குறையும், ஆகவே மூலம் தேய்வதால் மட்டும் இந்த எண் இவ்வளவு விழாது. முதல் வருட மாணவருக்கு நானே சொல்லிக்கொடுக்கும் விஷயம்! டிடெக்டர் கிழடுதட்டினாலும் இதே கதைதான்: எல்லா நிறையும் ஏறக்குறைய சேர்ந்தே இறங்கும். அப்படியும் டிடெக்டர் வோல்டேஜை ஏற்றி ஒரு நாளைக் கழித்தேன்.

பிறகு காலிபரேஷன் பக்கம் திரும்பினேன். அமிலத்தைச் சீராகக் கசியவிடும் பெர்மியேஷன் டியூபை எடை போட்டேன், கசிவு வீதம் சரி. டெஃப்லான் குழாயில் அமிலம் ஒட்டுகிறதோ என்று குழாயைத் தவிர்த்து நேராக உள்ளே விட்டேன், மாற்றமில்லை. ஈரப்பதம் கூடினால் ஃபார்மிக் அமில சிக்னல் குறையும். அதுவும் பழைய அளவில்தான் இருந்தது.

வேறொரு ஊரில் இதே வகைக் கருவியை வைத்து மல்லுக்கட்டும் ஓர் அக்காவுக்கு ஃபோன் போட்டேன். நான் புலம்பி முடிக்கும்வரை கேட்டுவிட்டு, "எல்லாமே குறைஞ்சிருக்கா, ஃபார்மிக் மட்டுமா?" என்றார்.

"ஃபார்மிக் மட்டும்தான்க்கா போட்டுப் பார்த்தேன்."

"லெவோகுளுகோசான் போட்டுப் பாரு. அப்புறம், 145ஐப் பார்த்தியா? 127க்குப் பக்கத்துல வச்சுப் பாரு."

லெவோகுளுகோசான் விறகுப் புகையில் வரும் ஒரு சர்க்கரை வகைப் பொருள். அதன் கரைசலில் இரண்டு மைக்ரோலிட்டர் ஃபில்டரில் சொட்டி, சூடாக்கி உள்ளே விட்டேன். 289ல் அதன் சிக்னல் கிட்டத்தட்ட பழைய அளவுக்கே வந்தது. அயோடைடை இறுகப் பிடிக்கும் மூலக்கூறு அது. தளர்வாகப் பிடிக்கும் ஃபார்மிக் அமிலம்தான் அடிவாங்கியிருந்தது. பழைய கோப்புகளைத் திறந்தால், ஈரப்பதம் அப்படியே இருக்க, 145க்கும் 127க்கும் உள்ள விகிதம் வாரா வாரம் சரிந்திருந்தது. தண்ணீரும் தளர்ந்த பிடிதானே. ஒட்டியது ஒட்டியபடி டிடெக்டருக்கு வந்து சேரவில்லை. வழியில் எங்கோ உதறப்படுகிறது.

வழி என்றால் முதல் குவாட்ருபோல் அறை, அயனிகளை மின்புலத்தால் டிடெக்டர் பக்கம் நடத்திச் செல்லும் இடம். அங்கே 2 மில்லிபார் இருக்க வேண்டும், கேஜ் 1.4 காட்டியது. தினமும் கண்ணில் பட்ட எண்தான், மெல்ல இறங்கியதால் மனதில் தைக்கவில்லை. அழுத்தம் குறைந்தால் அயனிகள் மோதலுக்கு மோதல் கூடுதல் தூரம் ஓடி, மின்புலத்தில் கூடுதல் வேகம் எடுத்து முட்டும். தளர்ந்த பிடிகள் அந்த முட்டலில் பிய்ந்துபோகும்.

பம்ப் வால்வை அரைக்கால் திருகு மூடினேன். 1.6. திரையில் 145 எழும்பியது, 127 தாழ்ந்தது. இன்னும் கொஞ்சம் மூடி 2.0க்குக் கொண்டுவந்ததும் ஃபார்மிக் அமிலம் 2.7 ஆனது. நம்பாமல் வால்வைத் திறந்து, மறுபடி மூடி, மூன்று முறை பார்த்தேன்.

அழுத்தம் ஏன் குறைந்தது என்ற கேள்வி பாக்கி. வால்வை மூடியும் மொத்த அயனி 20 லட்சத்தைத் தாண்டாததால், நுழைவுத் துளை மேல் சந்தேகம் வந்தது. கருவியை அணைத்து, வெற்றிடம் உடைத்து, தகட்டைக் கழற்றினேன். ஊசிமுனைத் துளையைச் சுற்றி, பால் காய்ச்சிய பாத்திரத்தின் விளிம்பில் படிவதுபோல, பழுப்பாக ஒரு வளையம். ஆறு வாரப் புகை. ஐசோபுரோப்பனாலில் போட்டு அல்ட்ராசானிக் தொட்டியில் பதினைந்து நிமிடம் வைத்தேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் துளை வட்டமாகத் தெரிந்தது. இரவெல்லாம் பம்ப் ஓடியது. காலையில் வால்வைப் பழைய இடத்தில் வைத்தும் 2.0 நின்றது, மொத்த அயனி 29 லட்சம், ஃபார்மிக் அமிலம் 2.9.

மிச்சம் இருந்தது அந்த ஆறு வாரத் தரவு. எல்லாவற்றையும் ஒரே எண்ணால் பெருக்கிவிட முடியாது, ஒவ்வொரு மூலக்கூறும் இழந்த அளவு வேறு. லெவோகுளுகோசானில் கை வைக்கவில்லை. ஃபார்மிக் அமிலத்துக்குப் பதிவான அழுத்தத்தை வைத்து நாளுக்கு நாள் தனித் திருத்தம் போட்டேன். இரண்டு பரிசோதனைகளில் அழுத்தப் பதிவே ஓடவில்லை. அந்த இரண்டு நாள் ஃபார்மிக் எண்களை அழித்துவிட்டேன்.