நானாகப் படித்த முதல் வரி

தோக்கியோவில் நிஷிகசாய் பகுதிக்குக் குடிவந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. இந்தியக் குடும்பங்கள் நிறைய இருக்கும் இடம் என்பதால் புளிக்கும் பருப்புக்கும் குறையில்லை. எழுத்துதான் பிடிபடவில்லை. மருந்துச் சீட்டு, குப்பை போடும் நாள், தபால் என்று எதுவானாலும் போனில் படம் பிடித்து மொழிபெயர்த்தாக வேண்டும். ஊரில் பிள்ளைகளுக்கு எழுத்து சொல்லிக்கொடுத்தவள் நான். ஒரு பலகைக்கு முன்னால் ஒன்றும் புரியாமல் நிற்பது அப்படி வலித்தது.

ஜூன் மழைக்காலத்தில் ஒருநாள் மர அச்சுப் படங்களைப் பார்க்க அருங்காட்சியகம் போனோம். அந்தப் படங்களின் சாயம் வெளிச்சத்தில் வெளுத்துவிடும். அதனால் சில வாரம் மட்டும் வைத்துவிட்டு இருட்டறைக்கே திருப்பி எடுத்துப் போய்விடுவார்கள். அறையும் மங்கலாகத்தான் இருந்தது. ஒரு படத்தின் கீழே இருந்த சீட்டைப் பார்த்தேன். முதல் எழுத்து 'பெரிய'. அப்புறம் எல்லாம் எனக்குத் தெரிந்த ஹிராகானா, ஒலியை மட்டும் குறிக்கும் எளிய ஜப்பானிய எழுத்து. கடைசியில் 'சாயங்காலம்', 'நிற்றல்' என்று இரண்டு எழுத்து. ஓஹாஷி அதாகெ நோ... யூதாச்சி!

"என்ன?" என்றார் கணவர்.

"பெரிய பாலத்துல, அதாகெங்கிற இடத்துல கோடை மழைங்க. சாயங்காலம் திடீர்னு கொட்டுமே, அது. சென்செய் சொல்லிக் கொடுத்தாங்க." சென்செய் என்றது என் ஜப்பானிய வகுப்பு ஆசிரியரை.

அந்தப் படம் ஜப்பானிய ஓவியர் ஹிரோஷிகே 1857இல் வரைந்தது. 'எதோவின் நூறு புகழ்பெற்ற காட்சிகள்' வரிசையில் ஒன்று. எதோ என்பது தோக்கியோவின் பழைய பெயர். மரப்பாலத்தில் சிலர் குடையைச் சாய்த்துப் பிடித்து ஓடுகிறார்கள், சிலர் பாயைத் தலைக்கு மேல் போர்த்தியிருக்கிறார்கள். கீழே ஆற்றில் ஒருவன் தெப்பத்தைக் கழியால் தள்ளிக்கொண்டு தனியே போகிறான். எதிர்க்கரை சாம்பல் நிழலாகக் கிடக்கிறது.

கண்ணாடி அருகே குனிந்து மழையையே பார்த்தேன். மயிரிழை போன்ற கறுப்புக் கோடுகள். மரப்பலகையில் அந்த இழைகளை மட்டும் விட்டுவிட்டுச் சுற்றியுள்ளதை எல்லாம் செதுக்கி எடுத்திருக்கிறார் யாரோ ஒருவர். உளி கொஞ்சம் நழுவினாலும் ஒரு இழை போய்விடும். கோடுகள் எல்லாம் ஒரே சாய்வில் இல்லை, ஒன்றை ஒன்று வெட்டிக்கொண்டு விழுகின்றன. அதனால்தான் காற்றும் அடிப்பதுபோல் இருக்கிறது. மேலே கருமேகம் படிப்படியாக வெளிறுவது அச்சடிப்பவரின் கைவேலை. பலகையில் மையைத் துடைத்துத் துடைத்து அந்தச் சாயலைக் கொண்டுவருவார்கள். ஓவியர் பெயரை உலகமே சொல்கிறது. 1887இல் டச்சு ஓவியர் வான்கோ இதைப் பார்த்து எண்ணெய் வண்ணத்தில் வரைந்தார். செதுக்கியவருக்கும் அந்தப் பெருமையில் பங்கு உண்டு என்று எனக்குத் தோன்றுகிறது.

அடுத்த ஞாயிறு படத்தில் இருந்த அந்தப் பாலத்துக்கே போனோம். மோன்சென்-நகாச்சோவில் ரயில் மாறி மொரிஷிதாவில் இறங்கினால் சுமிதா ஆறு பக்கம்தான். இப்போது இருப்பது 1977இல் கட்டியது, மஞ்சள் தூண்களோடு. தூறல் விழுந்தது. ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குடைகளோடு ஆட்கள் வேகமாகக் கடந்தார்கள். நான் நடுவில் நின்று ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை வகுப்பில் அந்த வரியை நோட்டில் எழுதிக் காட்டினேன். கடைசி எழுத்தில் ஒரு கோடு விட்டுப்போயிருந்தது. சென்செய் சிவப்புப் பேனாவால் அதைப் போட்டுத் தந்தார்.