ஐந்தாவது சீசா கலங்கவில்லை

நேற்று ராத்திரி பத்தரை மணிக்கு ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து, சமையலறை டியூப் லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தேன். பத்து மில்லி சீசா, உள்ளே நானே கலக்கிய வெட்டிவேர் சென்ட், லேசாகப் பச்சை ஓடிய திரவம். அதன் வழியே சுவரில் இருந்த காலண்டரின் தேதி தெரிந்தது. நான்கு சீசா மோர் மாதிரி கலங்கிய பிறகு கிடைத்த ஐந்தாவது. "இந்த நேரத்துல ஃபிரிட்ஜத் திறந்து வெச்சுக்கிட்டு என்னங்க பண்றீங்க?" என்று உள்ளேயிருந்து மனைவியின் குரல். சொன்னேன். "வெட்டிவேர் தண்ணிக்கா இவ்ளோ?" என்று திரும்பிப் படுத்துவிட்டாள்.

வெட்டிவேர் தண்ணிக்குத்தான். ரெண்டு வருஷமாக நான் தேடுவது ஒரே ஒரு வகை வாசனை. ஆள் வருவதற்கு முன்னால் அது வரக்கூடாது. பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு மட்டும் தெரிய வேண்டும். சாயங்காலம் சட்டையைக் கழற்றும்போது நமக்கே ஒருமுறை ஞாபகம் வர வேண்டும். சென்னை வெயிலில் இது லேசான காரியமில்லை. சூட்டில் எல்லாமே ரெண்டு மடங்கு கத்தும். மதியத்துக்குள் வியர்வையோடு போயும் விடும்.

பீரோவின் கீழ்த்தட்டில் இப்போது பதினாலு உருப்படி இருக்கிறது. முழு பாட்டில் ஐந்துதான், மற்றதெல்லாம் டீகேன்ட், அதாவது பெரிய பாட்டிலிலிருந்து சின்ன சீசாவுக்கு ஊற்றிக் கொடுப்பது. முழு பாட்டிலை முகராமல் வாங்கும் பழக்கத்தை விட்டாயிற்று. போன வருஷம் ஆன்லைனில் பாதி விலைக்கு வந்த ஒன்றை நம்பி வாங்கினேன். மூடியைத் திறந்ததும் பினாயில். அது இப்போது பாத்ரூமில்.

இருப்பதில் வெட்டிவேர் வகைதான் அதிகம். கெர்லானின் வெட்டிவர் சலவைச் சட்டையும் புகையிலையும் சேர்ந்த பழைய கனவான். லாலிக்கின் ஆன்க்ர நுவார், 2006-ல் நத்தலி லோர்சோன் செய்தது, மழைக்குப் பிந்தைய காடு. மே மாதம் போட்டால் நமக்கே மூச்சு முட்டும், டிசம்பரில் அதற்கு ஈடு கிடையாது. அதே 2006-ல் ஜான்-குளோட் எலெனா எர்மேஸுக்குச் செய்த தேர் தெர்மேஸ் ஆரஞ்சுத் தோலும் சிக்கிமுக்கிக் கல்லும். அலுவலகத்துக்கு அதில் ஒரே ஒரு ஸ்ப்ரே. ரெண்டு போட்டால் மீட்டிங் ரூமில் தனியாக ஒரு நாற்காலி போட்டு அது உட்கார்ந்துகொள்ளும்.

மாலிக்யூல் 01 கதையையும் சொல்லிவிடுகிறேன். இதுவும் 2006. கெசா ஷோன் செய்தது. உள்ளே ஐசோ ஈ சூப்பர் என்ற, மர வாசனையுள்ள ஒரே ஒரு செயற்கைப் பொருள், மீதி ஆல்கஹால். சிலருக்கு இது தெரியவே தெரியாது. தெரிகிறவர்களுக்கும் வந்து வந்து போகும். எனக்கு இருபது நிமிஷத்தில் காணாமல் போனது. காசு வீண் என்று நினைத்து அடுத்த நாள் ஆறு ஸ்ப்ரே. லிஃப்டில் கூட வந்த அம்மா, "தச்சு வேலை நடக்குதா?" என்று கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். அன்றைக்குத்தான் உறைத்தது. போனது வாசனை இல்லை, என் மூக்கு. ஒரே வாசனையைத் தொடர்ந்து முகர்ந்தால் மூக்கு அதைக் கணக்கிலிருந்து எடுத்துவிடும். மஸ்க் (கஸ்தூரி) வகைகளிலும் இதே தொல்லை.

அதிலிருந்து என் மூக்கை நான் நம்புவதில்லை. காகிதப் பட்டையில் முகர்ந்து முடிவெடுப்பதும் இல்லை. இடது முழங்கையின் உட்பக்கம் ஒரு ஸ்ப்ரே, காலை எட்டு மணிக்கு. பத்து, ஒன்று, ஐந்து மணிக்கு இன்னொருவர் சொல்ல வேண்டும். வார நாளில் பக்கத்து மேசை நண்பர், ஞாயிறு மனைவி. அவள் மதிப்பீடு மூன்றே சொல்: "இல்ல", "இருக்கு", "போய்க் குளிங்க".

இனி சீசா விஷயம். திருவல்லிக்கேணி பெரிய மசூதிப் பக்கம் ஒரு அத்தர் கடையில் மூன்று மில்லி ரூஹ் கஸ் வாங்கினேன். கஸ் என்றால் வெட்டிவேர், ரூஹ் என்றால் சந்தன எண்ணெயில் இறக்காமல் வேரை மட்டும் காய்ச்சி எடுத்தது. செம்புப் பானையில் காய்ச்சுவதால் பச்சை நிறம். உத்தரப் பிரதேசத்துக் கன்னோஜின் மிட்டி (மண்) அத்தரும் அங்கே இருந்தது. சுட்ட களிமண்ணைச் செம்புப் பானையில் போட்டு, மூங்கில் குழாய் வழியாக ஆவியைச் சந்தன எண்ணெய்க்குள் இறக்கி எடுப்பதுதான் அதன் பழைய முறை. முதல் மழை மண்வாசனை, அப்படியே. நான் கேட்பதற்கு முன்பே கடை பாய், "தம்பி, இது சந்தனத்துல இறக்குனது இல்ல. அது வேணும்னா விலை தாங்காது. சொல்லிட்டுத்தான் விப்பேன்" என்றார். இப்போது பாதி அத்தருக்கு அடி எண்ணெய் பாரஃபினோ வேறு ரசாயனமோதான். சொல்லி விற்கிற கடை கிடைத்ததே பெரிது. மிட்டியில் ஒரு மில்லி வாங்கினேன்.

ரூஹ் கஸ்ஸை நேராகத் தொட்டு வைத்தால் மணிக்கட்டில் ஒரு ஏரிக்கரையே இருக்கும். அழகுதான், ஆனால் நான் தேடும் அடக்கம் இல்லை. அதனால் கரைத்து ஸ்ப்ரே ஆக்கலாம் என்று இறங்கினேன். மூன்று சதவீதம் வெட்டிவேர், ரெண்டு சதவீதம் பெர்கமாட் (ஒரு வகை நாரத்தைப் பழத் தோலின் எண்ணெய்), தூக்கிப் பிடிக்க ஐந்து சதவீதம் ஐசோ ஈ. சொல்லும்போது ரொம்பச் சுலபம்.

சொட்டுக் கணக்கில் செய்யலாம் என்று சொல்கிறவர்கள் ரூஹ் கஸ்ஸை டிராப்பரில் எடுத்துப் பார்த்ததில்லை. தேன் மாதிரி கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு இறங்கும். ஒரு சொட்டு 0.02 கிராம் என்றால் அடுத்தது 0.03. அதனால் நகைக்கடைக்காரர்கள் பாக்கெட்டில் வைத்திருக்கும் சின்ன எடை மிஷின் வாங்கினேன், 0.01 கிராம் வரை காட்டும். ஃபேன் ஓடினால் எண் ஆடும். ஃபேனை நிறுத்தினால் வியர்வை. மூன்றாவது சீசாவின்போது மூக்கு நுனியிலிருந்து ஒரு சொட்டு நேராகத் தட்டில் விழுந்தது. 0.04. அது போதாதென்று, ஆல்கஹாலை ஊற்றிவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எண் குறையும், ஆவியாகிக்கொண்டே இருப்பதால். கண் முன்னால் காசு போகிற மாதிரி இருக்கும்.

தீர்வு என்று கண்டது இது: எதையும் நேராக நிறுக்காதே. ஒரு கிராம் எண்ணெயில் ஒன்பது கிராம் ஆல்கஹால் ஊற்றிப் பத்து சதவீதக் கரைசல் செய்து வைத்துக்கொள். எட்டு கிராம் சீசாவுக்கு மூன்று சதவீதம் என்றால் 0.24 கிராம் எண்ணெய். கரைசலில் அது 2.4 கிராம். அப்போது 0.01 பிசகினால் ஒன்றும் ஆகாது. ஐந்தாவது சீசாவின் கணக்கு: வெட்டிவேர் கரைசல் 2.4, பெர்கமாட் கரைசல் 1.6, ஐசோ ஈ நேராக 0.4, ஆல்கஹால் 3.6.

சரி, முதல் நான்கும் ஏன் கலங்கின? முதல் சீசாவில் குற்றம் ஆல்கஹாலில். 95 சதவீதம் என்று லேபிள், ஊற்றிய உடனே பால் நிறம். தண்ணீர் கூடினால் எண்ணெய் பிரிந்து நிற்கும், அவ்வளவுதான். தனியாள் நல்ல எத்தனால் வாங்குவது எவ்வளவு பாடு என்று இதில் இறங்கியவர்களுக்குத் தெரியும். விற்றவரிடம் கேட்டால் "குலுக்குங்க சார்" என்கிறார். வேறு இடத்தில் வாங்கினேன். ரெண்டாவதில், காரம் குறையட்டும் என்று பழைய கொலோன் முறைப்படி டிஸ்டில்ட் வாட்டர் சேர்த்தேன். என் தப்பு. மூன்றாவது, கழுவிய சீசாவைச் சரியாகக் காயவைக்காமல் (அந்த வியர்வைச் சொட்டையும் சேர்த்துக்கொள்ளலாம்). நாலாவதுதான் பழிவாங்கியது. ஒரு வாரம் கண்ணாடி மாதிரி இருந்து, ஃபிரிட்ஜில் வைத்ததும் அடியில் வெள்ளைப் படலம். காபி ஃபில்டர் காகிதத்தில் வடிகட்டினேன். பாதியைக் காகிதம் குடித்துவிட்டது. மூன்று நாள் சமையலறைக் குப்பைக்கூடை மட்டும் பிரமாதமாக மணத்தது.

நாலாவதில் வில்லன் பெர்கமாட். தோலைப் பிழிந்து எடுப்பதால் அதில் மெழுகு இருக்கும், குளிரில் அது பிரியும். போதாக்குறைக்கு அந்தப் பச்சை எண்ணெயில் பெர்காப்டீன் என்ற பொருள் உண்டு; தோலில் போட்டு வெயிலில் நின்றால் புண்ணாகிக் கறுக்கும். அதை நீக்கிய பெர்கமாட் தனியாகக் கிடைக்கிறது. விலை கொஞ்சம் கூட, வாசனையில் பச்சை ஒரு பிடி குறைவு. அதைப் போட்ட பிறகுதான் நேற்றைய காலண்டர் தேதி.

இன்று காலை எட்டு மணிக்கு முழங்கையில் ஒரு ஸ்ப்ரே. பத்து மணிக்கு நண்பர், "பானைத் தண்ணி குடிச்சியா?" என்றார். எங்கள் வீட்டில் அம்மா மண்பானையில் வெட்டிவேரை வெள்ளைத் துணியில் முடிந்து போடுவாள். அவர் வீட்டிலும் அப்படித்தானாம். ஒரு மணிக்கு "இருக்கு". ஐந்து மணிக்கு "இல்ல". ஐந்து மணியைப் பிடிக்க வேண்டும். சந்தனம் கொஞ்சம் சேர்த்தால் நிற்கும் என்று நினைக்கிறேன், ஆனால் நான்கு வாரம் ஊறாமல் தொடக்கூடாது. சீசாவைத் துணியில் சுற்றி பீரோவுக்குள் வைத்துவிட்டேன்.

அதுவரை சும்மா இருக்க முடியுமா? கடலூர் கடற்கரை மணலில் விளையும் வேரில் கால் கிலோ சொல்லி வைத்திருக்கிறேன், ஆல்கஹாலில் நேராக ஊறப்போட. அப்புறம் மரிக்கொழுந்து. அந்த எண்ணெய் ஆளுக்கு ஆள் தோலில் வேறு வேறு மாதிரி மணக்கும் என்கிறார்கள். எனக்கும் மனைவிக்கும் ஒரே சீசாவிலிருந்து போட்டுப் பார்க்க வேண்டும். அவளிடம் இன்னும் சொல்லவில்லை. மரிக்கொழுந்து எண்ணெய் ஐந்து மில்லி இன்று மதியம் வந்துவிட்டது. ஆறு சீசா கழுவி, இந்த முறை மொட்டைமாடி வெயிலில் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.