மூன்றா, நான்கா

"எதைச் சொன்னா என் பொண்ணு உங்க கணக்குல வருவா?"

அந்த அம்மா இதைக் கேட்டபோது குரலில் கோபம் இல்லை, கெஞ்சலும் இல்லை. எங்கே கையெழுத்துப் போடணும் என்று கேட்பது போல சாதாரணமாகத்தான் கேட்டார். நான் டேப்லெட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "அப்படியெல்லாம் இல்லம்மா, நடந்ததைச் சொல்லுங்க" என்றேன். சரியான பதில்தான். பயிற்சியில் சொல்லிக்கொடுத்ததும் அதுதான், நானும் புதிதாக வருகிறவர்களுக்கு அதையேதான் சொல்லிக்கொடுக்கிறேன். ஆனால் அந்தக் கேள்வியை அவர் வாயில் வரவழைத்ததே நான்தான் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

வெர்பல் அட்டாப்ஸி செய்கிறவர்களுக்குத் தெரியும், இறந்துபோனவரின் வீட்டாரிடம் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டு சாவுக்கான காரணத்தைத் தேடும்போது, நடுவில் ஒரு மௌனம் வரும். அந்த மௌனத்தை அப்படியே விட்டுவிட வேண்டும். நான் விடவில்லை. எதையாவது பேசி நிரப்புவதற்காக, பிரசவம் ஆன நாளிலிருந்து ஆறு வாரத்துக்குள் இறந்தால்தான் பிரசவகால மரணம் என்று கணக்கில் எடுப்போம், அதனால்தான் தேதியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறேன் என்று விளக்கிவிட்டேன். விளக்கம் கேட்டது யார்? யாருமே இல்லை.

தேதியில்தான் சிக்கல். இறந்த நாளில் குழப்பம் இல்லை, மாதம் 15ஆம் தேதி காலை. பிரசவம் அதற்கு முந்தைய மாதம், அது 31 நாள் மாதம். ஆஸ்பத்திரியில் கொடுத்த அட்டையில் பிரசவ தேதியை யாரோ ஒன்றின் மேல் ஒன்றாக எழுதியிருந்தார்கள். நாலை மூன்றாக்கியதா, மூன்றை நாலாக்கியதா என்று தெரியவில்லை. நேரம் எழுதவேண்டிய கட்டம் காலி. 3 என்றால் இறந்தது 43ஆம் நாள். 4 என்றால் 42. அந்த அம்மாவிடம் கேட்டால் "ராத்திரி" என்கிறார். நம் பேச்சில் பதினொரு மணியும் ராத்திரிதான், விடிகாலை மூன்று மணியும் ராத்திரிதான். எந்த ராத்திரி என்றால் 3ஆம் தேதி ராத்திரி. அதனால் பன்னிரண்டு மணிக்கு முன்னாடியா, அப்புறமா என்று கேட்டேன். அதற்குத்தான் அவர் அந்தக் கேள்வியைத் திருப்பிக் கேட்டார். நடந்ததைச் சொல்லுங்க என்று நான் சொன்னதும் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "இதனால உங்களுக்கு ஒண்ணும் கிடைக்காதுன்னு மொதல்லயே படிச்சுக் காட்டிட்டியே, அப்புறம் நான் எதுக்குப் பொய் சொல்லப்போறேன்? தெரியலன்னு எழுதிக்க."

அவர் சொன்னது நியாயம். ஒப்புதல் படிவத்தில் அந்த வரி இருக்கிறது, நான்தான் வாசித்தேன்.

என் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். 42 நாள் என்பது நானோ என் அலுவலகமோ வைத்த வரம்பு இல்லை. கர்ப்பத்தின்போதோ அது முடிந்து 42 நாட்களுக்குள்ளோ, கர்ப்பத்தோடு தொடர்புள்ள காரணத்தால் நேரும் மரணம் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. விபத்துபோல் தொடர்பில்லாமல் நேர்வது சேராது. 2023இல் உலகம் முழுவதும் சுமார் 2,60,000 பெண்கள் இப்படி இறந்தார்கள், ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 197 மரணம் என்று மதிப்பிட்டிருப்பதும், 2030க்குள் அதை 70க்குக் கீழே கொண்டுவரவேண்டும் என்று இலக்கு வைத்திருப்பதும் இந்த ஒரே அளவுகோலை வைத்துத்தான். ஆளாளுக்கு ஒரு நாள் இரக்கப்பட்டால் ஒரு வருடத்தை இன்னொரு வருடத்தோடு ஒப்பிட முடியாது. எண் கெட்டுப்போனால் அதை நம்பி ரத்தமும் மருந்தும் ஆளும் ஒதுக்குகிறவர்களின் முடிவும் கெட்டுப்போகும். இதை நான் இன்றைக்கும் நம்புகிறேன்.

ஆனால் அந்தப் பெண் எப்படி இறந்தாள் என்பதையும் சொல்லவேண்டும்.

பிரசவம் சுகப்பிரசவம். இரண்டு வாரம் கழித்து மூச்சு வாங்க ஆரம்பித்திருக்கிறது. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கியிருக்கிறாள், மடியில் குழந்தையோடு. கால் வீங்கி, செருப்பு வார் பதிந்த இடம் கழற்றி வைத்து வெகுநேரம் ஆகியும் பள்ளமாகவே இருக்குமாம். அந்த அம்மா தன் புறங்காலில் விரலை அழுத்திக் காட்டினார், இங்கே, இப்படி என்று. பெத்த உடம்பு அப்படித்தான் இருக்கும் என்று எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள். இறப்பதற்கு இரண்டு நாள் முன்னால், ஆறாவது வாரம் வரச் சொல்லியிருந்தபடி ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்கள். குழந்தையை எடை பார்த்தார்கள், அட்டையில் எழுதினார்கள், நல்லா ஏறியிருக்கு என்றார்கள். மகள் பெஞ்சில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். "நீ எப்படி இருக்கேன்னு ஒருத்தர் கேக்கல. நாங்களும் சொல்லல. குழந்தைக்குத்தானே வந்தோம்."

பிரசவத்துக்குப் பிறகு முதல் ஒரு நாள் ஆஸ்பத்திரியிலேயே கவனித்து, அப்புறம் 48 முதல் 72 மணி நேரத்துக்குள் ஒரு தடவை, 7 முதல் 14 நாளுக்குள் ஒரு தடவை, ஆறாவது வாரத்தில் ஒரு தடவை, குறைந்தது இத்தனை முறையாவது தாயையும் சேயையும் பார்க்கவேண்டும் என்று 2022இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. இரண்டு பேரையும். தாய்சேய் நலம் என்று பேசுகிறோமே, அதில் தாய் எங்கே என்று ஆலன் ரோசன்ஃபீல்டும் டெபோரா மெய்னும் லான்செட் மருத்துவ இதழில் எழுதிக் கேட்டது 1985இல். அந்தப் பெஞ்சைப் பற்றி அந்த அம்மா சொல்லும்போது எனக்கு அந்தக் கட்டுரைதான் ஞாபகம் வந்தது. அப்படி ஞாபகம் வந்ததில் கொஞ்சம் அசிங்கமாகவும் இருந்தது. ஒருவர் தன் மகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார், எனக்கு மேற்கோள் ஓடுகிறது.

நாங்கள் கொண்டுவரும் பதிவை இரண்டு மருத்துவர்கள் தனித்தனியாகப் படித்துக் காரணம் எழுதுவார்கள். இரண்டு பேரும் ஒன்றையே எழுதியிருந்தார்கள்: பிரசவத்தையொட்டி வரும் இதயத்தசை நோய். கர்ப்பத்தின் கடைசி மாதத்திலிருந்து பிரசவமாகி ஐந்து மாதம் வரை வரக்கூடியது. இங்கேதான் என் நியாயம் ஆட்டம் காண்கிறது. கருப்பை பழைய அளவுக்குச் சுருங்க ஆறு வாரம் என்பதால் ஆறு வாரம் சரி, ஆனால் இதயத்துக்கு அந்தக் கெடு தெரியாதே. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஓராண்டு வரை எண்ணுகிறது. பிரசவமாகி ஒரு வாரம் கழித்து ஓராண்டுக்குள் நேரும் மரணங்களில் முதல் காரணமே இதயத்தசை நோய்தான் என்று 2019இல் அவர்கள் வெளியிட்டார்கள். நாங்கள் பயன்படுத்தும் சர்வதேச நோய் வகைப்பாட்டிலும் (ஐசிடி-10) 42 நாளைத் தாண்டி ஓராண்டுக்குள் என்றால் தாமதமான தாய் மரணம் என்று ஒரு தனிக் குறியீடு உண்டு, ஓ96. குறியீடு இருக்கிறது, ஆனால் அது அந்த 197இல் சேராது. அப்படியானால் நோயைப் பற்றித் தெரிந்துகொள்ள ஒரு கணக்கு, இலக்கை எட்டினோமா என்று பார்க்க இன்னொரு கணக்கு. இரண்டில் எதைப் பார்த்து ஒருவர் ஆஸ்பத்திரிப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற பெண்ணிடம் மூச்சு வாங்குதா என்று கேட்கப்போகிறார்?

தள்ளிப்போகிறேன். முடிவுக்கு வருகிறேன்.

அந்த அம்மா தெரியலன்னு எழுதிக்க என்றாரே, நான் அப்படி எழுதவில்லை. நேரத்துக்கான கேள்வியில் தெரியாது என்று ஒரு தெரிவு இருக்கிறது, அதைத் தொட்டேன். தேதிக் கட்டத்தில் அது இல்லை, ஒரு எண்ணைப் போட்டால்தான் அடுத்த பக்கம் திறக்கும். 3 போட்டேன். ஏன் 3? மேலே எழுதப்பட்ட மை கருப்பாக 3 மாதிரி தெரிந்தது என்பது நான் மேற்பார்வையாளரிடம் சொன்ன காரணம். அவர் படத்தைப் பார்த்துவிட்டு, "எனக்கு ரெண்டும் மாதிரிதான் தெரியுது, குறிப்புல எழுதிட்டியா?" என்றார். எழுதிவிட்டேன் என்றேன். எழுதியிருந்தேன், ஒரே வரி. அதற்கு மேல் அவரும் கேட்கவில்லை.

எனக்கே சொல்லிக்கொள்கிற காரணம் வேறு. எதைச் சொன்னால் கணக்கில் வருவாள் என்று அந்த அம்மா கேட்டுவிட்ட பிறகு 4 போட்டால், அவருக்கு வேண்டியதைச் செய்துகொடுத்தது போல ஆகிவிடும் என்று பயந்தேன். அதாவது அவர் கேட்காமல் இருந்திருந்தால், நான் அந்த ஆறு வாரக் கதையை விளக்காமல் இருந்திருந்தால், ஒருவேளை 4 போட்டிருப்பேன். அப்படியானால் என் நேர்மை என்பது அவர் கேட்டதற்கான தண்டனையா? இல்லை, மை உண்மையிலேயே 3 மாதிரிதான் இருந்தது. இப்படி இரண்டு பக்கமும் மாறி மாறி வாதாடிக்கொண்டிருக்கிறேன், ஒரு வருஷமாக.

இன்னொன்றும் இருக்கிறது, இதை மேற்பார்வையாளரிடம் சொல்லவில்லை. கிளம்பும்போது வாசல்வரை வந்த அந்த அம்மா, குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு, "அவ வருவாளா அதுல?" என்றார். "வருவாங்கம்மா" என்றேன். 3 என்று போட்டு அடுத்த பக்கத்துக்குப் போய் அரை மணி நேரம்கூட ஆகவில்லை. ஓ96 என்ற குறியீடு இருக்கிறது, அதனால் அது பொய் இல்லை என்று நடக்கும்போதே மனதில் தயாரித்துக்கொண்டேன். அறிக்கையில் அட்டவணைக்கு அடியில், பொடி எழுத்தில், வரம்புக்கு வெளியே ஒன்று என்று ஒரு குறிப்பு போட்டோம். அதை டைப் செய்ததும் நான்தான்.

இப்போதெல்லாம் தேதி கேட்கும்போது ஏன் கேட்கிறேன் என்று யாரிடமும் விளக்குவதில்லை. விதிப்படி அதுதான் சரி. வீட்டார் திருப்பி எதுவும் கேட்க வழியில்லாமல் போவதால் எனக்கு வசதியாகவும் இருக்கிறது, அந்த வசதிதான் உறுத்துகிறது. வரையறையை ஓராண்டாக மாற்றவேண்டும் என்று பேசுகிற கூட்டங்களில் கை தூக்குகிறேன், திரும்பி வந்து 42க்கு மேலே இருப்பதை ஒதுக்கி வைக்கிறேன்.

அட்டையின் படம் தரவுத்தளத்தில் இருக்கிறது, எனக்கு இன்னும் அனுமதி உண்டு. போன வாரம் வேறு எதையோ தேடப்போய் அதைத் திறந்து பெரிதாக்கிப் பார்த்தேன். பெரிதாக்கப் பெரிதாக்க எண் போய்விடுகிறது, மைதான் தெரிகிறது.