பிரமாணத்தில் வந்த இரண்டு தோவாளை

தாத்தா பெயரில் கிடந்த வயலை அம்மா, மாமாக்கள் பெயருக்கு மாற்றுவதற்காக அலைந்த கதை இது. குமரி மாவட்டத்தில் பழைய பிரமாணம் (நிலப் பத்திரம்) வைத்திருப்பவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூர் பக்கம் இருந்ததால், எங்கள் பிரமாணமும் மலையாளத்தில்தான் இருந்தது. ஆண்டு 1122. அது கொல்லம் ஆண்டு; 824 அல்லது 825 கூட்டினால் 1946-47 வரும். மாமாவுக்கு அதில் தெரிந்த ஒரே சொல் தோவாளை. "பூச்சந்தை இருக்கிற ஊர்தானே மக்களே, அங்கேயே தேடு" என்றார்.

இணையத்தில் பட்டா பார்க்கும் பக்கத்தில் தோவாளை கிராமத்தைத் தேர்ந்தெடுத்து, பிரமாணத்தில் இருந்த சர்வே எண்ணைப் போட்டால், யாருடையதோ ஒரு தென்னந்தோப்பு வந்தது. தோவாளை என்பது ஊர் மட்டுமல்ல. தாலுகாவும் அதே பெயர்தான், அதன் அலுவலகம் இருப்பதோ பூதப்பாண்டியில். ஊராட்சி ஒன்றியத்துக்கும் அதே பெயர். கோதையாறு பாசனத்தில் வரும் சானலுக்கும் (கால்வாய்) அதே பெயர்.

பத்திரம் எழுதிப் பழகிய ஒரு பெரியவர்தான் முழுசாக வாசித்துச் சொன்னார். முதலில் வந்த தோவாளை, தாலுகா. அதன் பிறகு வரும் 'பகுதி'யைத்தான், அதாவது வருவாய் கிராமத்தைத்தான் பார்க்க வேண்டும். எங்களுக்கு அது செண்பகராமன்புதூர். இரண்டாவது தோவாளை வடக்கு எல்லையில், சானல் என்று இருந்தது. பொறுமையாக, வரிவரியாக விரல் வைத்து வாசித்தார். அவரைப் போன்றவர்கள் குறைந்துகொண்டே வருவது எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது.

அப்புறம் சர்வே எண் சிக்கல். பிரமாணத்தில் இருப்பது பழைய எண். ரீசர்வேயில் (மறு நில அளவையில்) அது மாறிவிட்டது. பழைய எண்ணுக்கு எது புதிய எண் என்பதைத் தாலுகா அலுவலகப் பதிவேட்டில் பார்த்து வாங்கினோம். ஆனாலும் இதுதான் நம் வயலா என்ற சந்தேகம் தீரவில்லை. அதற்குச் சானல்தான் கைகொடுத்தது. புறம்போக்கு என்பதால் அதற்குத் தனி எண் உண்டு. புலப்படத்தில் (நில அளவை வரைபடத்தில்) அதைப் பிடித்ததும் வடக்கு எல்லை சரியாகப் பொருந்தியது. பரப்பையும் ஒத்துப் பாருங்கள்: பட்டாவில் ஹெக்டேர், ஏர் கணக்கு. 50 சென்ட் என்றால் சுமார் 20 ஏர்.

மற்றபடி இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, வில்லங்கச் சான்றோடு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தோம். பாகம் பிரிக்காததால் உட்பிரிவு அளவை தேவைப்படவில்லை. கூட்டுப் பட்டாவாகவே வந்தது. பெயர்களை எழுத்து எழுத்தாகச் சரிபார்த்த பிறகுதான் மாமா சாப்பிட உட்கார்ந்தார்.