கலங்கரை விளக்கத்து நண்டும் ஷனோவாவின் இரண்டு கைகளும்

'காசில்வேனியா: ஆர்டர் ஆஃப் எக்லீசியா' வீடியோ விளையாட்டில் ஒருவழியாக டிராகுலாவின் கோட்டைக்குள் நுழைந்துவிட்டேன். காசில்வேனியா வரிசையில் கோட்டையில் தொடங்கிக் கோட்டையிலேயே முடியும் ஆட்டங்களுக்குப் பழகியவர்கள், இதில் என்ன பெருமை என்று கேட்கலாம். இந்த ஆட்டத்தின் முதல் பாதி முழுவதும் வெளியில்தான் நடக்கிறது: காடு, மடாலயம், சிறைத்தீவு, கலங்கரை விளக்கம் என்று வரைபடத்தில் ஒவ்வோர் இடமாகத் திறந்துகொண்டே போக வேண்டும்.

கொனாமி நிறுவனம் 2008-இல் நிண்டெண்டோ டிஎஸ் கருவிக்காக வெளியிட்ட ஆட்டம் இது. 2024-இல் வந்த 'டோமினஸ் கலெக்ஷன்' தொகுப்பில், ஸ்விட்ச் கருவியில் ஆடிக்கொண்டிருக்கிறேன். பெரும்பாலும் தாம்பரம் – கடற்கரை மின்சார ரயிலில். காலை வண்டியில் கிழக்குப் பக்க ஜன்னலோரம் காலியாக இருந்தாலும் அதில் உட்காரக் கூடாது. ஆட்டமோ முழுக்க இருட்டு. வெயில் விழுந்தால் திரையில் காட்டேரிக்குப் பதில் நம் முகம்தான் தெரியும்.

நாயகி ஷனோவாவிடம் இந்த வரிசையின் வழக்கமான ஆயுதமான சாட்டை கிடையாது. கிளிஃப் எனப்படும் மந்திரச் சின்னங்களை உடம்பில் உறிஞ்சிக்கொள்கிறாள். அவையே வாளாகவும் ஈட்டியாகவும் சுத்தியலாகவும் நெருப்பாகவும் வெளிப்படுகின்றன. எக்ஸ் பொத்தானுக்கு ஒரு கை, ஒய் பொத்தானுக்கு மறு கை. ஒரே பொத்தானைத் தட்டிக்கொண்டிருப்பதைவிட இரண்டையும் மாற்றி மாற்றி அழுத்தினால் வீச்சு வேகமாக விழுகிறது. ஆனால் ஒவ்வொரு வீச்சுக்கும் மந்திர சக்தி செலவாகும். ஓயாமல் அடித்தால் அது தீர்ந்துபோய் வெறுங்கையோடு நிற்க வேண்டியதுதான். கொஞ்சம் கையை நிறுத்தினால் தானே நிரம்பிவிடும். அடிப்பதைவிட நிறுத்துவதற்குத்தான் இங்கே பயிற்சி வேண்டியிருக்கிறது. மிருதங்கம் கற்றவர்கள் என்னைவிடச் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள். எதிரி மந்திரம் ஓதும்போது காற்றில் தோன்றும் சின்னத்தை, மேல் பொத்தானை அழுத்திப் பிடித்து அப்படியே திருடிக்கொள்ளவும் முடியும். இந்தத் திருட்டு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

இனி நண்டு. பெயர் பிராக்கியூரா, கலங்கரை விளக்கத்தின் அடித்தளத்தையே அடைத்துக்கொண்டு கிடக்கும் ராட்சத நண்டு. நாம் மேலே ஏற ஏற அதுவும் தளம் தளமாகத் துரத்திக்கொண்டு வருகிறது. நின்று அடித்தால் கொடுக்கு இடிக்கிறது. ஏறிக்கொண்டே இருந்தால் அதற்குக் காயமே இல்லை. இரண்டு அடி, ஒரு தாவல், மூச்சு வாங்க ஓர் இடைவெளி என்று கணக்கு வைத்துக்கொண்ட பிறகுதான் வழிக்கு வந்தது. ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்திருந்த கல்லூரி மாணவர் பொறுக்க முடியாமல், "அண்ணா, நிற்காதீர்கள், மேலே போங்கள்" என்று சொல்லிவிட்டார். கடைசியில் உச்சியிலிருந்து லிப்ட் சரிந்து இறங்கி நண்டை அதன் அடியில் போட்டு நசுக்கும் காட்சி இருக்கிறதே, இந்த வரிசை ஆட்டங்களில் நான் பார்த்த மிகச் சிறந்த முடிவு அதுதான். நம் மெரினா கலங்கரை விளக்கத்திலும் லிப்ட் உண்டு. இனி அதில் ஏறினால் சிரிக்காமல் இருப்பது கடினம்.

அடியே வாங்காமல் வென்றால் பதக்கம் தருகிறார்கள். எனக்குக் கிடைக்கவில்லை, வருத்தமும் இல்லை. இந்தத் தொகுப்பில் நேரத்தைப் பின்னோக்கி ஓட்டும் வசதி இருக்கிறது. பதக்கத்துக்காக அதைப் பயன்படுத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை. மற்றபடி, திடீரென்று இறங்க வேண்டிய நிலையம் வந்துவிட்டால் நினைத்த இடத்தில் சேமித்துக்கொள்ளும் வசதியைத் தாராளமாகப் பயன்படுத்துகிறேன். ரயில் பயணிக்கு அது சலுகையல்ல, தேவை.

கதையைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. காட்டேரிகளை வேட்டையாடும் பெல்மான்ட் வம்சம் மறைந்துபோன காலம். எக்லீசியா என்ற அமைப்பு, டிராகுலாவை அழிக்க டோமினஸ் என்ற சின்னத்தை உருவாக்குகிறது. அதை அதே அமைப்பைச் சேர்ந்த அல்பஸ் பறித்துக்கொண்டு போகிறான். ஷனோவா நினைவையும் உணர்ச்சியையும் இழக்கிறாள். புதிதாக ஆடுபவர்களுக்கு ஒன்று மட்டும்: வைகோல் என்ற கிராமத்து மக்கள் ஆங்காங்கே சிறைப்பட்டிருப்பார்கள். ஒருவரைக்கூட விடாமல் மீட்ட பிறகே அல்பஸை எதிர்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் கதை பாதியிலேயே முடிந்துவிடும். கோட்டை கண்ணிலேயே படாது. உணர்ச்சியற்ற ஒருத்தியிடம் ஊரே வந்து நன்றி சொல்வதும், அவள் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பதும், வசனம் குறைந்த இந்த ஆட்டத்தில் நன்றாக அமைந்த இடங்கள்.

மீட்கப்பட்டவர்கள் சும்மா இருப்பதில்லை. மருத்துவர் ஆப்ராம் மூலிகை கேட்கிறார், நகைக்காரி லாரா ரத்தினக் கல் கேட்கிறாள், சிறுமி அன்னாவின் பூனை காணவில்லை. கேட்டதைக் கொண்டுவந்து கொடுத்தால் ஜேக்கப்பின் கடையில் புதிய சரக்கு வருகிறது. கோட்டையின் முதல் சில அறைகளிலேயே என்னிடம் இருந்த மருந்தெல்லாம் தீர்ந்துவிட்டதால், இப்போது மூலிகை தேடி வெளியே வந்திருக்கிறேன்.