பேரிங் நகர்கிறதா என்று முதலில் பாருங்கள்

பாலத்தில் சென்சார் மாட்டியதும் கிராஃப் பயமுறுத்தும். விடிகாலையில் ஓர் அளவு, மத்தியானம் வேறு அளவு. லாரி மேல் பழி போடாதீர்கள், பெரும்பாலும் வெயில்தான். 40 மீட்டர் ஸ்டீல் கர்டர் (மேல்தளத்தைத் தாங்கும் உத்திரம்) 25 டிகிரி சூடேறினால் சுமார் 12 மில்லிமீட்டர் நீளும். அதனால் ஒவ்வொரு ஸ்ட்ரெயின் கேஜ் (ஸ்டீல் எவ்வளவு நீள்கிறது, சுருங்குகிறது என்று அளக்கும் கருவி) பக்கத்திலும் வெப்பநிலையை அளக்க ஒரு தெர்மிஸ்டர் வேண்டும். மேல்தளம் காய்ந்து அடிப்பக்கம் குளிர்ந்திருந்தால் கர்டர் மேல்நோக்கி வளையும். ஆகவே ஒப்பிடுவதற்கு விடியுமுன் எடுத்த அளவே நல்லது.

ஒரே ஒரு கருவிக்குத்தான் பணம் என்றால், என் ஓட்டு நகரும் பேரிங்கில் வைக்கும் டிஸ்பிளேஸ்மென்ட் சென்சாருக்கு, அதாவது நகர்வை அளக்கும் சென்சாருக்கு. பேரிங் என்பது தூணின் மேல் கர்டரைத் தாங்கி, அது நீளவும் சுருங்கவும் விடும் பாகம். வெப்பநிலைக்கு எதிராக நகர்வை வரைந்தால், மேலே சொன்ன கர்டருக்கு டிகிரிக்கு கிட்டத்தட்ட அரை மில்லிமீட்டர் சரிவில் கோடு வரவேண்டும். கோடு படுத்துக் கிடந்து, திடீரென்று ஒரு குதி குதித்தால் பேரிங் இறுகிவிட்டது. மேலே எக்ஸ்பான்ஷன் ஜாயின்ட் (தளம் நீள விட்ட இடைவெளியின் மூடி) கிழிந்து, சேற்றுத் தண்ணீர் வழிந்து, துருவும் மண்ணும் அப்பியிருக்கும். நீள முடியாத கர்டர் அந்த விசையைத் தூணின் தலையில் இறக்கும், அங்கே விரிசல் விழும்.

ஸ்ட்ரெயின் கேஜ்களில், இழுத்துக் கட்டிய கம்பியின் அதிர்வை வைத்து அளக்கும் வைப்ரேட்டிங் வயர் கேஜ் வருஷக்கணக்கில் உழைக்கும், ஆனால் நிதானமாகத்தான் அளக்கும். லாரி கடப்பதைப் பிடிக்க நொடிக்கு 100 முறையாவது படிக்கிற, மெல்லிய உலோகத் தாளாலான ஃபாயில் கேஜ் தேவை. ஃபாயில் கேஜின் எதிரி ஈரம். ஜங்ஷன் பாக்ஸில் கேபிள் நுழையும் ஓட்டையைச் சரியாக அடைக்காவிட்டால் அளவு மெல்ல நகர்ந்துகொண்டே போகும், பாலத்துக்குத்தான் ஏதோ ஆகிறது என்று நினைப்போம்.

அலாரம் எல்லையை ஒரு முழு வருஷத் தரவு சேர்ந்தபிறகே வையுங்கள். ஆனால் அந்த வருஷம் ‘இயல்பு’ என்று பதிவாவது, பாலம் அன்று இருக்கும் நிலைமைதான். அமெரிக்காவின் மினியாபோலிஸில் 2007 ஆகஸ்ட் 1 அன்று விழுந்த ஐ-35டபிள்யூ நெடுஞ்சாலைப் பாலத்தில் கோளாறு வடிவமைப்பு வரைபடத்திலேயே இருந்தது. சில கஸெட் தகடுகள் (ஸ்டீல் உறுப்புகளைச் சந்திப்பில் இணைப்பவை) அரை அங்குலக் கனம்தான், தேவையோ ஏறக்குறைய இரு மடங்கு. விழுந்த அன்று ரிப்பேருக்காக அதன் மேல் ஜல்லியும் மணலும் குவித்திருந்தார்கள். 13 பேர் இறந்தார்கள். அதே இடத்தில் 2008-ல் திறந்த புதுப் பாலத்தில் 300-க்கு மேல் சென்சார்கள். பழைய பாலத்தில் அத்தனையும் இருந்திருந்தாலும், மெல்லிய தகட்டை அவை இயல்பு என்றே எடுத்துக்கொண்டிருக்கும். தகடு வளைந்திருந்தது 1999, 2003 புகைப்படங்களிலேயே தெரிந்தது.